முசே அரிசிக்குள் இருக்கிறார்

முத்தியால்பேட்டையில் நாங்கள் குடியிருந்த மாடிக்குக் கீழே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டில் கட்டாயம் இருந்திருக்கும். ஆனால் தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. சின்னவர்களுக்கு அக்கா, பெரியவர்களுக்குத் தையக்காரம்மா. அந்த வீட்டில் தனிப் பெயரோடும் மரியாதையோடும் குறிப்பிடப்பட்ட ஒரே ஆள் செல்போன்தான். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் முசே.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரத் துரையை இங்கே பழைய ஆட்கள் முசே என்பார்கள். அவர் சம்சாரம் மதாம்.

முதல் தடவை ஜாக்கெட் துணியோடு போய் நின்றபோது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

"முசேவும் வந்திருக்காரா?"

நான் திரும்பி எனக்குப் பின்னால் பார்த்தேன். யாருமில்லை.

"கையில வெச்சிருக்கியே, அவரத்தான் கேக்குறேன். கொண்டாந்து உள்ள வை."

தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த நீல பிளாஸ்டிக் டிரம்மைத் திறந்தார். பாதிவரை புழுங்கலரிசி. அதன்மேல் ஏற்கெனவே மூன்று செல்போன்கள் மல்லாந்து கிடந்தன. என்னுடையதையும் வாங்கி அரிசிமேல் வைத்தார். மூடியைத் திருகினார். ஒரு தட்டுத் தட்டினார். பிறகுதான் முகம் மலர்ந்தது.

"இப்ப சொல்லு. கழுத்து எவ்ளோ எறக்கணும்?"

தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் போட்டுக் காய வைப்பார்களே, அந்த வைத்தியம் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். "நம்ம போன் நனையலியேக்கா" என்பார்கள். "நனையாமத்தான் உள்ள வெக்கிறேன்" என்பார் அக்கா. எங்கள் தெருமுனையில் போன் ரிப்பேர் பார்க்கிற பையன் சார்ஜ் போடும் துளையிலிருந்து ஊசியால் அரிசிமணியை எடுத்துப் போட்டு, "இன்னாக்கா, போனுக்குச் சோறு ஊட்டுனீங்களா?" என்று கேட்பான். அக்காவால் அவனுக்கு நல்ல வருமானம்.

இந்த ஏற்பாடு ஒரு சண்டையில் ஆரம்பித்தது என்று அம்மா சொல்வாள். மூலை வீட்டு டீச்சரம்மாவுக்கு அளவெடுக்கும்போது அக்கா வழக்கம்போல இடுப்பளவை உரக்கச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையிலேயே டீச்சரம்மாவின் போனில் உடம்பு இளைக்கிற பவுடர் விளம்பரம். அதற்கடுத்த நாள் பெல்ட். அதற்கடுத்த நாள், வயிறே இல்லாத ஒரு பெண் கையை நீட்டி, 'உங்களாலும் முடியும்' என்றாளாம். டீச்சரம்மா ரௌத்திரமாகக் கிளம்பி வந்துவிட்டார்.

"எம் அளவ யார்கிட்ட சொன்ன?"

"உங்ககிட்டதான் சொன்னேன். அப்ப பக்கத்துல வேற யாரு இருந்தா?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் டீச்சரம்மாவின் கையிலிருந்த போனைப் பார்த்தார்களாம். அன்று சாயங்காலமே டிரம் இடம் மாறி மெஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

நான் அப்போது ஊரிலேயே ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். எந்த விளம்பரத்தை யார் போனில் காட்டுவது என்று பார்க்கிற வேலை. அக்காவின் அறியாமையைப் போக்குவது என் கடமை என்று எனக்குத் தோன்றியது. ஒருநாள் உட்கார்ந்து விளக்கினேன். போன் ஒட்டுக் கேட்பதில்லை. நாம் எதைத் தேடுகிறோம், எங்கே போகிறோம், யாரோடு போகிறோம், எந்தப் படத்தைப் பார்த்து விரல் நிற்கிறது, இதையெல்லாம் வைத்து ஒரு கணக்குப் போடும், அவ்வளவுதான் என்றேன்.

அக்கா ஊக்கு தைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அவருக்குக் காது இல்ல."

"இல்லக்கா."

"ஆனா நான் எங்க போறேன், யார் கூட போறேன், எத பாத்து நின்னேன், எல்லாம் தெரியும்."

"ஆமாக்கா."

"அடிப் பாவி. இதுக்கு அவரு ஒட்டுக் கேட்டாலே தேவலாம் போலிருக்குதே."

மறுநாளிலிருந்து அரிசியின் மேலே வைக்காமல் உள்ளே ஆழமாகப் புதைக்க ஆரம்பித்தார். என் விளக்கத்தால் விளைந்த பயன் இதுதான்.

முசே என்ற பெயருக்கு ஒரு பழைய கதை இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அக்கா கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சு வீட்டில் திரைச்சீலையும் மேசைத்துணியும் தைத்துக் கொடுக்கப் போய்வந்தார். அந்த வீட்டு முசே நாள் முழுக்கப் பிரம்பு நாற்காலியில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. அதனால் சமையல்காரர், தோட்டக்காரர், அக்கா மூவரும் அவரைப் பற்றி அவர் எதிரிலேயே மனம்விட்டுப் பேசுவார்கள். வயிற்றைப் பற்றி, மதாமிடம் அவர் வாங்குகிற திட்டைப் பற்றி. அக்கா அவருக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்திருந்தார். முசே பேப்பரைப் புரட்டிக்கொண்டு சாதுவாக இருப்பார். கடைசியில் அவர்கள் பிரான்சுக்குக் கிளம்புகிற நாளில், வாசலில் நின்ற ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கி நல்ல தமிழில் பேசினாராம். சமையல்காரரிடம், "என் வயிற்றைப் பற்றி இனி நீ கவலைப்பட வேண்டாம்" என்றார். அக்காவிடம், "நீ எனக்கு வைத்த பெயர் நன்றாக இருந்தது" என்றார்.

"அத்தினி வருஷமும் ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்துட்டு எல்லாத்தயும் கேட்டுனு இருந்திருக்காரு. இதுவும் அப்பிடித்தான். மூஞ்சப் பாரு, சாது மாதிரி."

"என்ன பேருக்கா வெச்சீங்க?"

அக்கா சட்டென்று என் கையைப் பார்த்தார். "முசே உள்ளதான இருக்காரு?"

இருந்தார். அக்கா பெயரைச் சொன்னார். நான் சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் இதை நான் போனில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

டிவியின் மேல் அக்காவுக்கு இந்தப் பயம் கிடையாது. ராத்திரி செய்தி விவாதத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது, அக்காவும் ஐந்தாவது ஆளாக இறங்கிக் கத்துவார். "பாவம், அதுக்கு வாய் மட்டுந்தான், காது கெடையாது" என்று அதன்மேல் ஒரு பரிவும் உண்டு. பேசினால் கேட்டுக்கொள்கிற ரிமோட்டோடு எதிர்வீட்டில் புது டிவி வாங்கியபோது போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இதுக்கும் காது மொளச்சிடுச்சா!" என்று அன்று முழுக்க வருத்தமாக இருந்தார்.

இடையில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. டிரம் வரை போக முடியாத இடத்தில், பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ ரகசியம் பேச வேண்டியிருந்தால் என்ன செய்வது? முசேவுக்குத் தமிழ் தெரியும், இங்கிலீஷ் தெரியும். எங்கள் ஊர் பிரெஞ்சு தெரிய வாய்ப்பில்லை என்று முடிவு கட்டினார். அந்தப் பழைய வீட்டில் பொறுக்கிய சொற்களைத் தமிழோடு பிசைந்து கொஞ்ச நாள் பேசிப் பார்த்தார். நாத்தனாரைப் பற்றிச் சொல்லும்போது முகத்தை மட்டும் தமிழில் வைத்துக்கொள்வார். இரண்டே வாரம். அக்காவின் போனில் பாரீசுக்கு மலிவு விமான டிக்கெட்டும், முப்பது நாளில் பிரெஞ்சு என்கிற வகுப்பும் வந்து விழ ஆரம்பித்தன. அக்கா போனை இரண்டு கையாலும் எடுத்து, "பர்தோன், முசே" என்று மன்னிப்புக் கேட்டு அரிசிக்குள் வைத்தார்.

போகப்போகத் துணியே இல்லாமலும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எங்கள் பகுதிக் கட்சிக்காரர் ஒருவர் இரண்டு போனையும் டிரம்மில் போட்டுவிட்டு, தன் தலைவரை ஆசை தீரத் திட்டுவார். திட்டி முடித்ததும் போன்களை எடுத்துத் துடைத்து, அங்கேயே நின்று, 'தலைவர் வழியில் என்றும்' என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட்டுப் போவார். மாமியார்கள் ஒரு வேளையில் வருவார்கள், மருமகள்கள் இன்னொரு வேளையில். தெருவில் பல வீடுகளிலும் அரிசி டிரம்முக்கு இந்தக் கூடுதல் வேலை வந்து சேர்ந்தது. ஆண்கள்தான் "பொம்பளைங்களுக்குப் பைத்தியம் புடிச்சிருக்குது" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள்.

அப்படிக் கிண்டல் செய்தவர்களில் எங்கள் தெருப் பெண் ரேவதியின் அப்பாவும் ஒருவர். மூடிப்போன மில்லில் வேலை பார்த்தவர். பிறகு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். ரேவதிக்கு நேஷனாலிட்டி மாப்பிள்ளை அமைந்தபோது அவர் ஒரு சுற்றுப் பெருத்தே போனார். மாப்பிள்ளைக்கு நேஷனாலிட்டி இருக்குது என்று எங்கள் ஊரில் சொன்னால் எந்த நாடு என்று யாரும் கேட்க மாட்டார்கள், பிரெஞ்சுக் குடியுரிமைதான். பாரீசுக்குப் பக்கத்தில் வேலை. ரேவதி போனால் பின்னாலேயே அவள் தம்பியும் போகலாம் என்பது குடும்பத்தின் கனவு.

நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை மோதிரத்தோடு ஒரு போனும் கொடுத்தான். அவள் எங்கே இருக்கிறாள் என்று அங்கிருந்தே பார்க்கும்படி தன் கையாலேயே எல்லாம் செய்து கொடுத்தான். அவன் போனில் அவள் ஒரு நீலப் புள்ளி. பேக்கரியில் எதற்கு இவ்வளவு நேரம், இந்தத் தெருவில் ஏன் போனாய், வந்த வழியே ஏன் திரும்பவில்லை என்று கேள்விகள் வரும். ஒரு வெள்ளிக்கிழமை, பிராகாரத்தை இன்னொரு தடவை ஏன் சுற்றினாய், அப்படி என்ன வேண்டுதல் என்று கேட்டானாம். "எம்மாம் அக்கறை பாரேன்" என்று தெருவே மூக்கில் விரல் வைத்தது.

கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தாள் ரேவதி. அக்கா அந்தப் போனைக் கையில் வாங்கி, அதன் வாய்க்கு நேராகவே, "தங்கமான மாப்ள! கண்ண மூடினு கட்டிக்கலாம்" என்றார். பிறகு அரிசிக்குள் ஆழமாகப் புதைத்து மூடியைத் திருகித் தட்டினார்.

"இப்ப சொல்லு."

ரேவதி அழுதாள். நான் அங்கேதான் இருந்தேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, நூல்கண்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்க்கா" என்றாள்.

"அப்பாகிட்ட சொல்லேன்டி."

"எங்கேர்ந்து சொல்றது? எப்பப் பாத்தாலும் அவர் கையில போன் இருக்குது. ஒண்ணு மாப்ள வீடியோல இருக்காரு, இல்லன்னா மாப்ள அனுப்பின வீடியோவ அவரு பாத்துனு இருக்காரு. நான் வாயத் தொறந்தா, இரும்மா இரும்மாங்குறாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "ஒரு மணி நேரம் நான் எங்க இருக்கேன்னு யாருக்கும் தெரியாம இருக்கணும்க்கா. அது போதும்" என்றாள்.

"இவ்ளோதானா? முசே இங்க இருக்கட்டும். நீ போய்ட்டு வா."

போய்விட்டு வந்தாள். எங்கே என்று ஆவலாகக் கேட்டேன். கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்றாளாம். அவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இன்னொரு நாள் நோணாங்குப்பம் போய்ப் படகு ஏறியிருக்கிறாள். "எல்லாரும் போன எடுத்து போட்டோ புடிச்சினு இருந்தாங்க. நான் மட்டும் தண்ணியப் பாத்தேன்" என்று சொன்னபோது அவள் முகம் அவ்வளவு அழகாக இருந்தது.

சும்மா இருப்பானா மாப்பிள்ளை? நீலப் புள்ளி தையல்காரம்மா வீட்டிலேயே மணிக்கணக்கில் நிற்கிறதே. "அந்தம்மா ஜாக்கெட் தைக்கிறாங்களா, பாய்மரம் தைக்கிறாங்களா?" என்று கேட்டான். அக்கா யோசித்தார். அடுத்த முறை ரேவதி கிளம்பியதும், போனைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, "முசேவக் கொஞ்சம் காத்தாட நடத்தினு வரேன்" என்று தானும் கிளம்பினார். பெரிய மார்க்கெட், ரேஷன் கடை, கோயில். மாப்பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். "இப்பதான் குடும்பப் பொண்ணு மாதிரி இருக்க. மீன் மார்க்கெட்டுக்கெல்லாம் போய்ப் பழகிட்டியே!" என்று ரேவதியைப் பாராட்டினான். இரண்டு மாதம் அவன் அக்காவைத்தான் ரசித்துக்கொண்டிருந்தான்.

ஒரு சனிக்கிழமை அக்காவுக்கு வில்லியனூரில் ஒரு வாடிக்கைக்காரருக்கு ஜாக்கெட் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. முசேவையும் பையில் போட்டுக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினார். ஜன்னலோர சீட். நல்ல காற்று. வில்லியனூர் வந்தது அவருக்குத் தெரியவில்லை. பஸ் போய்க்கொண்டே இருந்தது.

ரேவதி திரும்பிவந்து பார்த்தால் அக்கா வீடு பூட்டியிருக்கிறது. அக்காவைக் கூப்பிடலாமென்றால் அவருடைய போன் பூட்டிய வீட்டுக்குள் அரிசியில். ரேவதியின் போனுக்கு அடித்தால் அக்கா எடுக்க மாட்டார். முசே கூப்பிட்டால் பேசக்கூடாது என்பது அவர் கொள்கை. "துணைக்கு வாயேன்க்கா, ஜாக்கெட் அளவு பாத்தோம்னு சொல்லிடலாம்" என்று மாடியிலிருந்து என்னை இழுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். அங்கே அவள் அப்பா கூடத்தில் நாற்காலியில் இருந்தார். ரேவதி எனக்குக் காபி போட உள்ளே போனாள். அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை வீடியோவில் வந்தான்.

"மாமா, ரேவதி எங்க?"

"இங்கதான் மாப்ள. உள்ள காபி போடுது."

"இல்ல மாமா. அவ விழுப்புரத்துல இருக்கா."

"இல்லியே மாப்ள. தோ, டம்ளர் சத்தம் கேக்குதே."

"நான் போனப் பாத்துதான் சொல்றேன் மாமா. பஸ் ஸ்டாண்டுல நிக்கிறா."

அப்பா போனைத் திருப்பி, காபியோடு வந்த மகளைக் காட்டினார். மாப்பிள்ளை உற்றுப் பார்த்தான்.

"இது எப்ப எடுத்த வீடியோ?"

"இப்பதான் மாப்ள. லைவ்வு."

"கைய ஆட்டச் சொல்லுங்க."

ரேவதி கையை ஆட்டினாள். காபி தளும்பி என் புடவையில் விழுந்தது. மாப்பிள்ளைக்கு நம்பிக்கை வரவில்லை. "போன தையக்காரம்மா வீட்டுல வெச்சிட்டு வந்துட்டேன்" என்று அவள் உண்மையைச் சொன்னாள். "போன விட்டுட்டு யாராவது வெளிய வருவாங்களா மாமா?" என்றான் அவன். அப்பாவுக்கு அது நியாயமாகவே பட்டது. கொஞ்சநேரம் மகளையே பார்த்தவர், குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, நீ இங்கதான இருக்கிற?" என்று கேட்டார். அவள் அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று அவளைக் கிள்ளியும் பார்த்தாள்.

"கட் பண்ணாதீங்க மாமா" என்றான் மாப்பிள்ளை. "கெளம்பிட்டா. பஸ்ல வர்றா. யாரு கூட வர்றான்னு பாத்துடலாம்."

அதற்குப் பிறகு நடந்ததை நேரில் பார்க்காதவர்களுக்கு நம்புவது கஷ்டம். ரேவதி விழுப்புரத்திலிருந்து வந்துகொண்டிருப்பதை, ரேவதியும் சேர்ந்து உட்கார்ந்து நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வர்ணனை கொடுத்தான். கண்டமங்கலம் தாண்டிட்டா. வில்லியனூர் வந்துட்டா, இறங்குறா. அங்கே கொஞ்சநேரம் யாரோ வீட்டில் நின்றாள், மாப்பிள்ளை பல்லைக் கடித்தான். மறுபடி கிளம்பினாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து நின்றார்கள். ரேவதி இரண்டாவது தடவை காபி போட்டாள்.

"உங்க தெருவுக்குள்ள வந்துட்டா மாமா. தையக்காரம்மா வீட்டத் தாண்டிட்டா. வந்துட்டா, வந்துட்டா, வாசல்ல நிக்கிறா!"

கேட் கிறீச்சிட்டது. எல்லோரும் திரும்பினோம்.

தலைமுடியெல்லாம் பஸ் காற்றில் பறந்திருக்க, மஞ்சள் பையோடு அக்கா நின்றார்.

"லேசா கண்ணசந்துட்டேன்டி. கண்டக்டரு எழுப்பக் கூடாது? விழுப்புரத்துல கொண்டுபோய் வுட்டுட்டான்."

அப்பா போனை அக்காவின் பக்கம் திருப்பினார். திரையில் தெரிந்த முகத்தைப் பார்த்ததும் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "போன்ழூர், முசே" என்று வணக்கம் வைத்தார்.

"யார் மாமா இவங்க?"

ரேவதிதான் பதில் சொன்னாள். "நீங்க ரெண்டு மாசமா பாத்தினு இருந்தீங்களே, அது இவங்கதான். மார்க்கெட்டுக்குப் போனது, கோயிலுக்குப் போனது, மீன் வாங்குனது எல்லாம் இவங்கதான். நீங்க மெச்சிக்கிட்டது இவங்களத்தான்." பிறகு அப்பாவைப் பார்த்து, "அப்பா, எனக்கு..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் போன் கத்தியது. "மாமா, போன அவ கையில குடுங்க! நான் கேக்குறேன், அவ எங்க போயிருந்தா? மாமா, மொதல்ல என்னப் பாருங்க!"

அப்பா போனையும் பார்த்தார், மகளையும் பார்த்தார். அவர் அதைக் கீழே வைப்பாரா என்று நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பியின் டிக்கெட்டும் அவரது பெருமையும் எல்லாம் அந்தக் கையில்தான் இருந்தன.

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். டிரம் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. "மாமா, மாமா" என்ற குரல் அரிசிக்குள் இறங்கி மங்கியது. மூடியைத் திருகி, மேலே ஒரு தட்டுத் தட்டினார். திரும்பி வந்து, ரேவதிக்கு எதிரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லும்மா" என்றார்.